கணினியோடு ஃபயர்வால் விதிகளும் சேர்ந்தே வரவேண்டுமா?

ரிச்சி தெருவில் லேப்டாப்பில் விண்டோஸ் ஏற்றிக் கொடுக்கும் கடைகளில் வழக்கமாகக் காதில் விழும் பேச்சு இது: “ஃபயர்வால் ஆன்ல இருக்கு சார், வைரஸ் வராது.” ஓஎம்ஆர் பக்கம் ஓர் அலுவலகத்தில் கேட்டால், “லினக்ஸ்தானே, ஃபயர்வால் எதுக்கு?” என்பார்கள். வீட்டில் கேட்டால், “அதான் ரவுட்டர் இருக்கே.” மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் முதல் பேச்சு ஃபயர்வால் செய்யாத வேலையை அதன் தலையில் கட்டுகிறது; மற்ற இரண்டும் அது செய்கிற வேலையை மறந்துவிடுகின்றன.

அதனால்தான், ஓர் இயங்குதளம் சில ஃபயர்வால் விதிகளைக் கையோடு கொண்டுவர வேண்டுமா என்று கேட்டால் பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது. ஃபயர்வால் என்பது வலை வழியாகக் கணினிக்கு வருவதையும் போவதையும் விடலாமா என்று முடிவெடுக்கும் காவல். இயங்குதளம் என்பது விண்டோஸ், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு, மேக்ஓஎஸ் போல கணினியை நடத்தும் அடிப்படை மென்பொருள். டீஃபால்ட் என்பது நாம் எதையும் தொடாதபோது தானாகவே அமலில் இருக்கும் அமைப்பு. பெரும்பாலானோர் டீஃபால்ட்டைத் தொடுவதே இல்லை. இயங்குதளத்தைச் செய்பவர் என்ன முடிவெடுக்கிறாரோ அதுதான் கடைசிவரை நம் வீட்டில் ஓடும்.

கேட், ஃபிளாட், பெல்

வேளச்சேரியில் ஒரு பெரிய அப்பார்ட்மென்டை நினைத்துக்கொள்ளுங்கள். தெரு முகவரி ஒன்றுதான், உள்ளே ஃபிளாட்டுகள் பல. கூரியர்காரருக்குக் கட்டடத்தின் முகவரி மட்டும் போதாது, ஃபிளாட் எண்ணும் வேண்டும். கணினிக்கும் அப்படித்தான். அதன் தெரு முகவரிக்கு ஐபி முகவரி என்று பெயர். ஃபிளாட் எண்ணுக்குப் போர்ட் என்று பெயர். எண்கள் 65,535 வரை போகும்.

ஒரு ஃபிளாட்டில் ஆள் இருந்து, பெல் அடித்தால் கதவைத் திறக்கிறார் என்றால், கணினி உலகில் அதுதான் சர்வீஸ்: ஒரு போர்ட்டில் காத்திருந்து, வெளியிலிருந்து வரும் அழைப்புக்குப் பதில் சொல்லும் நிரல். தொலைவிலிருந்து லினக்ஸ் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழக்கமாக 22-இல் இருக்கும். விண்டோஸின் கோப்புப் பகிர்வு 445-இல். பாதுகாப்பான இணையதளங்கள் 443-இல்.

ஆள் இல்லாத ஃபிளாட்டில் எவ்வளவு நேரம் பெல் அடித்தாலும் கதவு திறக்காது. சர்வீஸ் இல்லாத போர்ட்டும் அதேதான். அங்கே உடைப்பதற்குப் பூட்டே கிடையாது. “65,535 போர்ட்டும் திறந்து கிடக்கிறது” என்று பயமுறுத்துபவர்கள் இதைச் சொல்வதில்லை. நிரல் ஒன்று காத்திருந்தால்தான் போர்ட் திறந்திருக்கிறது என்று பொருள்.

காத்திருப்பது யாருக்காக?

காத்திருக்கும் சர்வீஸ்களிலும் இரண்டு வகை உண்டு. லினக்ஸில் எஸ்எஸ் என்ற கட்டளையையோ (ss -tuln) விண்டோஸில் நெட்ஸ்டாட்டையோ (netstat -an) ஓட்டினால் இப்படிச் சில வரிகள் தெரியும்:

127.0.0.1:631
0.0.0.0:22
[::]:22

முக்காற்புள்ளிக்குப் பிறகு கடைசியில் இருப்பது போர்ட். அதற்கு முன்னால் இருப்பதுதான் கவனிக்க வேண்டியது. 127.0.0.1 என்பது கணினி தன்னையே அழைத்துக்கொள்ளும் முகவரி, வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் குரல் கொடுப்பதுபோல. முதல் வரியில் இருக்கும் பிரிண்டர் சர்வீஸை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது. 0.0.0.0 என்றால் எந்த வழியாக யார் வந்தாலும் பதில் சொல்லத் தயார் என்று பொருள். மூன்றாவது வரியும் அதையே சொல்கிறது, ஐபிவி6 என்ற புதிய முகவரி முறைக்காக. இந்த வேறுபாடு மட்டும் மனதில் பதிந்துவிட்டால் கட்டுரையின் பாதி கையில் வந்துவிட்டது.

வாட்ச்மேன் என்ன பார்க்கிறார்?

வலையில் தரவு சிறு சிறு பொட்டலங்களாகப் போய் வருகிறது. ஒவ்வொரு பொட்டலமும் ஒரு பாக்கெட். அது எங்கிருந்து வருகிறது, எந்தப் போர்ட்டுக்குப் போகிறது என்று பார்த்து விடலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதுதான் ஃபயர்வால். கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் வேலை. அவர் கையில் இருக்கும் சீட்டில் எழுதியிருப்பவை விதிகள். பையைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. மின்னஞ்சலில் வந்த கோப்பை நீங்களே திறந்தால் அவர் குறுக்கே வரமாட்டார். வைரஸ் வராது என்ற வாக்குறுதி இங்கேதான் உடைகிறது.

“வெளியிலிருந்து யாரையும் விடாதே” என்று விதி போட்டால் இணையமே நின்றுவிடாதா? நிற்காது. வாட்ச்மேனிடம் ஒரு பதிவேடு இருக்கிறது. 302-ஆம் ஃபிளாட்காரர் சாப்பாடு ஆர்டர் செய்ததைக் குறித்து வைத்துக்கொள்கிறார். அந்தச் சாப்பாடு வரும்போது கேள்வி கேட்காமல் விடுகிறார். யாரும் கூப்பிடாமல் வருபவரை மட்டும் நிறுத்துகிறார். உங்கள் பிரவுசர் ஓர் இணையதளத்தைக் கேட்டால் ஃபயர்வால் அதைக் குறித்துக்கொண்டு, வரும் பதிலை உள்ளே விடுகிறது. இதற்கு இணைப்புக் கண்காணிப்பு என்று பெயர். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இது 2001-இல் வந்த 2.4 பதிப்பிலிருந்து இருக்கிறது.

நிறுத்துவதிலும் இரண்டு விதம் உண்டு. “இங்கே அனுமதி இல்லை” என்று சொல்லித் திருப்பி அனுப்பலாம், இது நிராகரிப்பு. பதிலே சொல்லாமல் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடலாம், இது கைவிடல். கைவிட்டால் எதிர்முனையில் இருப்பவருக்கு என்ன ஆயிற்றென்றே தெரியாது. ஒரு லினக்ஸ் கணினி டீஃபால்ட்டாகத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துவிட்டு, ஏறக்குறைய இரண்டு நிமிடங்கள் கழித்துத்தான் கைகழுவும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சர்வீஸ் காத்திருந்தால்தான் போர்ட் திறக்கும். அது 127.0.0.1-இல் காத்திருந்தால் வெளியாருக்குத் தெரியாது. மற்றபடி காத்திருக்கும் சர்வீஸை யார் தொடலாம் என்பதை ஃபயர்வால் விதி தீர்மானிக்கிறது.

2003 ஆகஸ்டில் நடந்தது

டீஃபால்ட் விதி வேண்டும் என்பவர்கள் கையில் இருக்கும் மிகப் பலமான சான்று பிளாஸ்டர். 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது, ஆனால் டீஃபால்ட்டாக அணைந்திருந்தது. பயனர் கேட்காமலேயே 135-ஆம் போர்ட்டில் ஒரு சர்வீஸ் எல்லோருக்காகவும் காத்திருந்தது. அதில் ஓட்டை இருப்பது தெரிந்து, 2003 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு அந்த ஓட்டை வழியாகத் தானாகவே கணினிக்குக் கணினி தாவிப் பரவியது. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையிருக்கவில்லை. “60 விநாடிகளில் கணினி அணையப்போகிறது” என்று திரையில் ஒரு பெட்டி வரும், கணினி மறுபடி தொடங்கும், மறுபடி அதே பெட்டி.

இதில் கொடுமை, திருத்தத்தை இறக்கிக்கொள்ள இணையத்தில் இணைந்தாக வேண்டும். இணைந்தால் இறக்கி முடிப்பதற்குள் புழு வந்துவிடும். 2004 வசந்தத்தில் சாசர் என்ற இன்னொரு புழு 445 வழியாக இதையே செய்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, ஃபயர்வாலை டீஃபால்ட்டாகவே இயக்கி வைத்தது. திருத்தம் போடாத கணினியும் திருத்தம் வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் அந்த முடிவின் பொருள். டீஃபால்ட் விதிகள் உண்மையில் வாங்கித் தருவது அந்த இடைவெளியைத்தான்.

காலி வீட்டுக்கு எதற்குக் காவல்?

எதிர்த்தரப்பின் வாதமும் லேசானதல்ல. அவர்கள் சொல்வது: பிளாஸ்டருக்குக் காரணம் ஃபயர்வால் இல்லாதது அல்ல, வேண்டாத சர்வீஸ் காத்திருந்ததுதான். காத்திருக்கும் நிரலையே எடுத்துவிட்டால் தடுக்க என்ன இருக்கிறது? உபுண்டு இந்த வழியில்தான் போகிறது. புதிதாக நிறுவிய உபுண்டு டெஸ்க்டாப்பில், முகவரி பெறுவது, பிரிண்டர் தேடுவது போன்ற சில விலக்குகள் தவிர வெளியாருக்குத் திறந்த போர்ட் இருக்கக்கூடாது என்பது அதன் கொள்கை. யூஎஃப்டபிள்யூ என்ற எளிய ஃபயர்வால் கருவி 2008-இன் 8.04 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது, ஆனால் அணைந்த நிலையில். இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனும் டீஃபால்ட்டாக விதி எதையும் போடுவதில்லை.

முதல் நாளுக்கு இந்த வாதம் சரி. முப்பதாவது நாள் என்ன நடக்கிறது? டெபியனிலும் உபுண்டுவிலும் ஒரு சர்வீஸை நிறுவினால், அது பெரும்பாலும் அந்த நிமிடமே ஓடத் தொடங்கிவிடும். பாடம் படிப்பதற்காக வெப் சர்வர் ஒன்றை நிறுவிய மாணவி, அதே லேப்டாப்பை நாளைக்கு நூலகத்தின் வைஃபையில் இணைக்கிறார். காலியாக இருந்த ஃபிளாட்டில் ஆள் குடிவந்தாயிற்று. கேட்டில் யாரும் இல்லை.

‘ஆன்’ என்ற சொல்லை நம்பாதீர்கள்

ஃபயர்வால் இயங்குகிறதா என்பது ஒரு கேள்வி, அது எதைத் தடுக்கிறது என்பது வேறு கேள்வி. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் டெஸ்க்டாப் பதிப்பில் ஃபயர்வால் இயங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் 2014-இல் வந்த 21-ஆம் பதிப்பிலிருந்து 1025 முதல் 65535 வரையிலான போர்ட்டுகளை அதன் விதிகள் திறந்தே விடுகின்றன. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்திலும் ஃபயர்வால் டீஃபால்ட்டாகவே இயங்கும், ஆனால் அதனோடு வரும் விதிகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் விட்டுவிடும். அங்கே பாதுகாப்பு வேண்டாத சர்வீஸ்களை ஓடவிடாததில் இருக்கிறது. மேக்ஓஎஸ்-இல் ஃபயர்வாலைப் பயனரேதான் இயக்க வேண்டியிருந்து வருகிறது. விண்டோஸோ உள்ளே வருவதைத் தடுக்கும், வெளியே போவதை விடும், அதுவும் வைஃபையைப் பப்ளிக் என்று குறித்தால் ஒரு மாதிரி, பிரைவேட் என்று குறித்தால் இன்னொரு மாதிரி.

ஃபெடோரா ஏன் அப்படித் திறந்துவிட்டது? அதற்குப் பதில் பிரிண்டரில் இருக்கிறது.

பிரிண்டர் காணாமல் போவது ஏன்?

உள்ளே வருவதை எல்லாம் தடுத்துவிட்டு, அதே வைஃபையில் இருக்கும் பிரிண்டரைத் தேடினால் பல நேரம் அது பட்டியலில் வராது. காரணம் நுட்பமானது. லேப்டாப்புக்குப் பிரிண்டரின் முகவரி தெரியாது. அதனால் அது 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353-ஆம் போர்ட்டில், “இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்கிறது. பால்கனியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி குரல் கொடுப்பதுபோல. பதில் சொல்வது 192.168.1.20 என்ற பிரிண்டர். வாட்ச்மேன் பதிவேட்டைப் புரட்டுகிறார்: 224.0.0.251-ஐக் கேட்டதாகத்தான் எழுதியிருக்கிறது, இந்த 192.168.1.20-ஐ யாரும் கூப்பிட்டதாக இல்லை. பதில் பாக்கெட் கீழே விழுகிறது.

திரையில் எந்தச் செய்தியும் வராது. பிரிண்டரை அணைத்து இயக்கிப் பார்ப்பார்கள், டிரைவரை மறுபடி நிறுவுவார்கள், கடைசியில் யாரோ சொல்லி ஃபயர்வாலை அணைத்ததும் பிரிண்டர் வந்துவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஃபயர்வால் திரும்ப இயங்கப் போவதில்லை. 5353-ஐ உள்ளூர் வலைக்கு மட்டும் திறக்கும் ஒரே ஒரு விதி இருந்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது. யூஎஃப்டபிள்யூவை இயக்கினால் அந்த விதி ஏற்கெனவே அதில் இருக்கும்.

விண்டோஸில் வேறொரு சிக்கல். ஒரு நிரல் முதன்முறை போர்ட்டில் காத்திருக்கத் தொடங்கும்போது அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். புரியாமல் கேன்சல் அழுத்தினால் பெட்டி மட்டும் மறையாது. அந்த நிரலைத் தடுக்கும் விதிகள் எழுதப்படும். அடுத்த முறை பெட்டியே வராது. பிறகு நீங்கள் தனியாக அனுமதி விதி சேர்த்தாலும் பயனில்லை, ஏனென்றால் விண்டோஸில் தடை விதிக்கு அனுமதி விதியைவிட வலிமை அதிகம். உள்வரும் விதிகளின் பட்டியலைத் திறந்து, அந்த நிரலின் பெயரில் இருக்கும் தடைகளை நீக்கினால்தான் தீரும்.

சுருங்கச் சொன்னால், டீஃபால்ட் விதிகளால் வரும் தொல்லைக்குக் காரணம் அவை தடுப்பது மட்டுமல்ல. எதைத் தடுத்தோம் என்று சொல்லாமல் தடுப்பதுதான் மக்களை அணைக்கும் பொத்தானுக்குக் கொண்டுபோகிறது.

வாட்ச்மேனுக்குத் தெரியாத பின்வாசல்

சென்னையின் சிறு மென்பொருள் குழுக்களில் இன்று டாக்கர் இல்லாத சர்வரைப் பார்ப்பது அரிது. டாக்கர் என்பது நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி. யூஎஃப்டபிள்யூவில் எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, டாக்கரில் தரவுத்தளத்துக்கு 5432:5432 என்று போர்ட்டைத் திறந்தால், அந்தத் தரவுத்தளம் வெளியே தெரியும். ஃபயர்வால் நிலையைக் கேட்டால், தடுத்துக்கொண்டிருப்பதாகவே பதில் வரும்.

கணினிக்கே வரும் பாக்கெட்டுக்கு ஒரு பாதை, கணினி வழியாக வேறொன்றுக்குப் போகும் பாக்கெட்டுக்கு இன்னொரு பாதை. யூஎஃப்டபிள்யூவில் நாம் எழுதும் சாதாரண விதிகள் முதல் பாதையில் நிற்கின்றன. டாக்கர் பாக்கெட்டின் முகவரியை முன்கூட்டியே மாற்றி, இரண்டாவது பாதையில் தன் பெட்டிக்கு அனுப்பிவிடுகிறது. தீர்வு ஒரு சொல் அளவுதான்: 5432:5432 என்பதை 127.0.0.1:5432:5432 என்று எழுதுங்கள். மேலே பார்த்த அதே 127.0.0.1. வீட்டுக்குள் மட்டும்.

ரவுட்டர் இருக்கே?

வீட்டு ரவுட்டர், உள்ளே இருக்கும் பல கருவிகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கிறது. இதற்கு நேட் என்று பெயர். வெளியிலிருந்து அழைப்பு வந்தால் எந்தக் கருவிக்குக் கொடுப்பது என்று தெரியாததால் அது பெரும்பாலும் உள்ளே போகாது. நல்ல விஷயம்தான், ஆனால் அது முகவரிப் பற்றாக்குறைக்காக வந்த ஏற்பாடு. ஐபிவி6-இல் ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுக்கச் செல்லும் தனி முகவரி கிடைக்கும். அங்கே நேட் தேவையில்லை. ரவுட்டரில் தனியாக ஃபயர்வால் விதி இருந்தால்தான் காவல்.

இன்னொன்று, ரவுட்டர் தெருவைப் பார்த்து நிற்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நாற்பது அறைகளுக்கு ஒரே வைஃபை என்றால், பக்கத்து அறை லேப்டாப்பிலிருந்து உங்கள் லேப்டாப்புக்கு வருவது அந்தத் தெருவாசலைக் கடந்து வருவதில்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற புழு அலுவலகங்களுக்குள் 445 வழியாகக் கணினிக்குக் கணினி பரவியதும் இப்படித்தான். திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. இடம் மாறிக்கொண்டேயிருக்கும் லேப்டாப்புக்குக் காவல் அதற்குள்ளேயேதான் இருக்க வேண்டும்.

அப்படியானால் எந்த விதிகள்?

வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து. ஆனால் கொஞ்சமாக, காரணம் சொல்லக்கூடியதாக. கணினி தன்னோடு பேசுவதை விடவேண்டும். நாம் தொடங்கிய இணைப்பின் பதில்களை விடவேண்டும். வலையில் முகவரி பெறுவதற்கான பாக்கெட்டுகளையும், ஐபிவி6-இல் பக்கத்துக் கருவியைக் கண்டுபிடிக்க உதவும் கட்டுப்பாட்டுச் செய்திகளையும் விடவேண்டும். கணினி பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங்கும் இந்த வகைதான். “பிங் ஆபத்து” என்று இந்த வகையை மொத்தமாக அடைத்தால் ஐபிவி6 இணைப்பே செத்துப்போகும். நம்பும் வீட்டு வலையில் பிரிண்டர் தேடலை விடலாம். மீதி உள்வரவைத் தடுக்கலாம், முடிந்தவரை நிராகரிப்பாக, எதிர்முனை இரண்டு நிமிடம் காத்துக்கிடக்காதபடி.

வெளியே போவதை டீஃபால்ட்டாகத் தடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு நிரலுக்கும் கேள்வி கேட்டால், பத்தாவது கேள்வியிலிருந்து எல்லோரும் படிக்காமலே சரி என்று அழுத்துவார்கள்.

இதற்கு மேல் இயங்குதளம் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. நாம் ஒரு சர்வீஸை நிறுவும்போது, “இது 80-ஆம் போர்ட்டில் காத்திருக்கிறது, வெளியாருக்குத் திறக்கவா, இந்தக் கணினிக்கு மட்டுமா?” என்று அந்த இடத்திலேயே கேட்கவேண்டும். விதியும் சர்வீஸும் தனித்தனியாக இருக்கும்வரை ஒன்று மற்றதை மறந்துகொண்டேதான் இருக்கும்.

உங்கள் கணினியில் பார்க்க

முதலில் எஸ்எஸ் அல்லது நெட்ஸ்டாட் கட்டளையில் காத்திருக்கும் போர்ட்டுகளைப் பாருங்கள். 0.0.0.0 அல்லது [::] என்று தொடங்கும் ஒவ்வொரு வரிக்கும் எந்த நிரல் காரணம் என்று கண்டுபிடியுங்கள். தேவையில்லாததை நிறுத்துங்கள். ஃபயர்வால் அதற்குப் பிறகுதான்.

தொலைவில் இருக்கும் லினக்ஸ் சர்வர் என்றால் வரிசை மிக முக்கியம். எஸ்எஸ்ஹெச் போர்ட்டை அனுமதித்த பிறகே யூஎஃப்டபிள்யூவை இயக்க வேண்டும். எஸ்எஸ்ஹெச்-ஐ 2222-க்கு மாற்றி வைத்திருப்பவர்கள் பழக்கத்தில் 22-ஐ அனுமதித்துவிட்டு வெளியே நிற்பது அடிக்கடி நடக்கிறது. 5 நிமிடம் கழித்து ஃபயர்வாலைத் தானே அணைக்கும்படி ஒரு கட்டளையைப் பின்னணியில் ஓடவிட்டு, அதன்பின் இயக்குங்கள். திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இரண்டாவது சன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள். பழைய இணைப்பு பதிவேட்டில் இருப்பதால் அது வேலை செய்வது எதையும் நிரூபிக்காது. புதிய இணைப்பு நுழைந்தால், அந்த 5 நிமிடக் கட்டளையை ரத்து செய்துவிடலாம்.

கடைசியாக, வேறொரு கணினியிலிருந்து சோதியுங்கள். அதே கணினியிலிருந்து சோதித்தால் வாட்ச்மேனைக் கடக்காமலே உள்ளே போய்விடுவீர்கள். உடனே மறுப்பு வந்தால் அங்கே சர்வீஸ் இல்லை அல்லது விதி நிராகரிக்கிறது. இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் பெரும்பாலும் வழியில் யாரோ பாக்கெட்டைக் கைவிடுகிறார்கள். இணைந்துவிட்டால், அந்தப் போர்ட் உங்களுக்கு உண்மையிலேயே வெளியே தெரிய வேண்டியதுதானா என்று டாக்கர் அமைப்பிலிருந்து தேடத் தொடங்குங்கள்.